ஹிங்ஹாம் கோவிலில் நான் ஏன் எழுந்து நின்றேன்

மகன்,

ஞாயிற்றுக்கிழமைகளில் நீ தொலைபேசியில் அழைக்கிறாய். அங்கே மழையா என்று நான் கேட்கிறேன், இங்கே இன்னும் பனியா என்று நீ கேட்கிறாய். முழங்கால் எப்படி என்கிறாய், இருக்கிறது என்கிறேன். பிறகு வைத்துவிடுகிறோம். போன கிழமை மட்டும், வைப்பதற்கு முன்னால், நீ கொஞ்சம் கூடுதலாகப் பேசினாய். "அம்மா, கலியாணத்துக்கு வாறது உங்களுக்குக் கஷ்டமெண்டால் வரவேண்டாம். நான் கோவிக்க மாட்டன். இற்ஸ் ஓகே." நான் சரி என்று சொல்லி வைத்துவிட்டேன். அது சரியில்லை. அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம்.

இதை உறையில் போட்டு உனக்கு மட்டும் அனுப்பியிருக்கலாம். எங்கள் தமிழ்ப் பங்குக் கோவிலின் உயிர்ப்பு விழா மலரில் எல்லோரும் வாசிக்கும்படி எழுதுவதற்குக் காரணம் ஊர்தான். நான் இங்கிலாந்திலிருந்து ரொறன்ரோவுக்குத் திரும்பி வந்து பெட்டியைத் திறக்கவுமில்லை, ஸ்காபரோவின் ரூஜ் பகுதியிலிருந்து புஷ்பம் அழைத்தாள். புஷ்பத்தை உனக்குத் தெரியும். என்னோடு கொன்வென்ரில் ஒரே வாங்கில் இருந்து படித்தவள். அன்று தொட்டு இன்றுவரை ஒரு கேள்வியைச் சுற்றிவளைத்துக் கேட்கத் தெரியாதவள்.

"எடி, நீ கோயிலுக்கை எழும்பி நிண்டு பெடியன்ரை கலியாணத்தை மறிச்சனியாமே?"

"ஆர் சொன்னது?"

"சொல்லுறதென்ன, வீடியோவே வந்திட்டுது. லண்டனிலை இருக்கிற என்ரை மச்சாள் அனுப்பினவ. அந்தக் கோயில்காரர் பூசையை அப்பிடியே வீடியோவிலை விடுறவையாம்."

"அது பூசையில்லை. அங்கிலிக்கன் ஆராதனை."

"என்னவோ ஒண்டு. நீ எழும்ப, அந்தப் பொம்பிளைப் பாதர் வாயடைச்சு நிக்கிறா. சும்மா சொல்லக்கூடாது, அந்த நீலச் சீலை உனக்கு எடுப்பாத்தான் இருக்கு."

அந்த வீடியோ புஷ்பத்தோடு நிற்கவில்லை. அடுத்த ஞாயிறு தமிழ்ப் பூசை முடிந்து வெளியே வர, நான் பெயரும் அறியாத ஒருவர் கார்த் தரிப்பிடத்தில் என்னை மறித்து, "நல்ல வேலை செய்தீங்கள் அன்ரி. ஆராவது ஒராள் கேக்கத்தானே வேணும்" என்று சொல்லிவிட்டுப் போனார். என்னைத் திட்டியிருந்தால் பொறுத்திருப்பேன். அந்தப் பாராட்டுத்தான் வீடு வரும்வரை என்னைச் சுட்டது. ஊரறிந்த கதைக்கு ஊரறியப் பதில் சொல்ல வேண்டும். ஆனால் பதில் உனக்குத்தான்.

நான் மறித்தேனா என்பதற்கு முன்னால், மறிக்க விரும்பினேனா என்று நீ கேட்கலாம். விரும்பினேன். எமிலியைப் பற்றி நீ முதன்முதலாகச் சொன்ன நாளிலிருந்து நான் காரணங்களை அடுக்கினேன். அவள் கத்தோலிக்கப் பெண்ணல்ல. அவர்களுடைய கோவிலில் ஒரு பெண் குருவாக நிற்கிறார். நீங்கள் இருக்கிற ஹிங்ஹாமில் ஒரு தமிழ்க் குடும்பம்கூட இல்லை; சுகமில்லாமல் படுத்தால் ஒரு கோப்பை இரசம் கொண்டுவந்து தர ஆளில்லை. அவற்றில் எதுவும் பொய்யில்லை. ஆனால் நீ அவை எல்லாவற்றையும் தீர்த்துவைத்திருந்தாலும் நான் இன்னொன்றைக் கண்டுபிடித்திருப்பேன். ஆயரிடம் முறைப்படி அனுமதி பெற்றுவிட்டேன் என்று நீ சொன்ன அன்று எனக்கு ஏமாற்றமாக இருந்தது. ஒரு தாய்க்கு அது எவ்வளவு வெட்கமான ஏமாற்றம் என்று எனக்கே தெரியும்.

நீ லண்டனில் பிறந்தவன். அதனால்தான் இன்று அந்த நாட்டுக் கடவுச்சீட்டோடு அங்கே இருக்கிறாய். உனக்கு நடக்கத் தெரிந்த வயதில் உன் அப்பா கனடாவுக்குப் போவோம் என்றார். லண்டனில் அவருக்கு ஒரு கணக்காளர் அலுவலகத்தில் நல்ல மேசை இருந்தது. இங்கே வந்து வாகன உதிரிப்பாகக் களஞ்சியத்தில் பெட்டி அடுக்கினார். ஏன் வந்தோம் என்று நான் கேட்டபோதெல்லாம் அவர் சொன்னது ஒன்றைத்தான்: "அங்கை நாங்கள் இருந்தது மற்றவன்ரை வீட்டு விறாந்தையிலை. இஞ்சை எல்லாரும் வந்தவைதான்." நாங்கள் முதலில் குடியிருந்த வெக்ஸ்போர்ட் மாடிக்குடியிருப்பில் மேல்தளத்தில் கிரேக்கர், கீழ்த்தளத்தில் பிலிப்பீன்காரர், எதிர்வீட்டில் அர்மீனியர். எவரும் எவரையும் எப்போது வந்தாய் என்று கேட்கவில்லை. நான்கூட, அவர் சொன்னது சரிதான் என்று ஒருநாளும் அவரிடம் ஒத்துக்கொள்ளாமல், மனதுக்குள் ஒத்துக்கொண்டேன். அந்தக் கடலைக் கடந்து உன்னை இங்கே கொண்டுவந்து வளர்த்தோம். நீ அதே கடலைத் திரும்பக் கடந்து போகிறாய். என் காரணங்களுக்கெல்லாம் அடியில் கிடந்தது அதுதான்.

இத்தனையும் மனதில் வைத்துக்கொண்டுதான் மார்ச் மாதம் நான் அங்கே வந்து இறங்கினேன். நீ காற்றாலை நடும் கடலோரம் ஒரு நாள் காட்டினாய். குளிர் என்று சொல்லி நான் காரைவிட்டு இறங்கவில்லை. எமிலி முதல்நாள் பருப்புக்குள் கரட் வெட்டிப் போட்டுச் சமைத்திருந்தாள். நான் சாப்பிட்டேன். "அன்ரி, குறை என்ன என்று சொல்லுங்கள், நான் தாதி, ஏச்சு வாங்கிப் பழகியவள்" என்றாள். உப்பு என்றேன். அவள் உப்புப் போத்தலை என் முன்னால் வைத்துவிட்டு அருகிலேயே உட்கார்ந்து, நான் எவ்வளவு போடுகிறேன் என்று பார்த்துக்கொண்டிருந்தாள். பெண் மோசமில்லை என்று அப்போதே தெரியும். தெரிந்தது எனக்கு உதவவில்லை.

உன் ஊர் எனக்குப் புதிராக இருந்தது. ஒரு சந்தைத் திடல், சுற்றிவரப் பழைய செங்கல் வீடுகள், அந்தச் சிறிய ஊருக்குக் கொஞ்சமும் பொருந்தாத பெரிய கோவில். அந்தக் கோவிலுக்குள்ளே, ஒரு அமெரிக்க ஜனாதிபதியின் மார்பளவுச் சிலை. அவருடைய முன்னோர் ஒருவர் இந்த ஊரிலிருந்து போனவராம். நீ வேலைக்குப் போய்விட, எமிலியின் தகப்பன் என்னை அழைத்துப் போய்க் காட்டினார். உன் வருங்கால மாமனார் மாடுகளுக்கும் குதிரைகளுக்கும் வைத்தியம் பார்த்து ஓய்வு பெற்றவர், இப்போது கோவிலைப் பார்க்க வருகிற அமெரிக்கர்களுக்கு விளக்கம் சொல்கிறார். மனைவியை இழந்தவர். என்னைப் போலவே தான் சொல்வதை மற்றவர்கள் இடையில் மறிப்பது அவருக்குப் பிடிப்பதில்லை. அதனால் நாங்கள் இருவரும் நன்றாகச் சண்டை பிடித்தோம்.

அவர் சொன்ன கதையை நீ பலமுறை கேட்டிருப்பாய். இதை வாசிக்கிற மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். ஏறக்குறைய நானூறு வருடங்களுக்கு முன் அந்தக் கோவிலின் குரு, பலிபீடம் உயரத்தில் இருப்பது பிழை என்று சொல்லி, பீடத்தைச் சுற்றிய வேலியை உடைத்து, நிலத்தைத் தோண்டி அதைத் தாழ்த்தினார். ஆயர் விடவில்லை. குரு தன் சொத்துகளை வந்த விலைக்கு விற்றுவிட்டு, ஊரில் பலரைப் போல அமெரிக்காவுக்குக் கப்பல் ஏறினார். அவருக்கு முன்னும் பின்னும் கூட்டம் கூட்டமாகப் போனார்கள். போய் இறங்கிய இடத்துக்கும் ஹிங்ஹாம் என்று பெயர் வைத்தார்கள். அந்த ஹிங்ஹாம் இன்றைக்கும் பொஸ்ரனுக்குப் பக்கத்தில் இருக்கிறது. ரொறன்ரோவிலிருந்து ஒரு பகல் கார் ஓட்டினால் போய்விடலாம். மகன் இருக்கிற ஊருக்குப் போவதென்றால் மட்டும் நான் விமானம் ஏற வேண்டும்.

"பலிபீடத்தில் கைவைத்த மனிதருக்குக் கடல் தாண்டுவதா பெரிது" என்றேன் நான். அவர் சிரித்தார். "நீங்கள் கத்தோலிக்கர். உங்களுக்கு அவரைப் பிடிக்காது என்று எனக்குத் தெரியும்."

நாங்கள் நின்றுகொண்டிருக்கும்போதே ஒரு அமெரிக்கத் தம்பதி உள்ளே வந்தார்கள். அந்தப் பெண் தூணைத் தொட்டு, "வீட்டுக்கு வந்துவிட்டோம்" என்று தன் கணவரிடம் சொல்லி உண்மையாகவே அழுதாள். உன் மாமனார் அவர்களுக்கு எல்லாவற்றையும் பொறுமையாகக் காட்டினார். அவர்கள் படம் எடுத்துக்கொண்டு போனபின் என் பக்கம் திரும்பி, "ஒவ்வொரு கிழமையும் யாராவது வீட்டுக்கு வருகிறார்கள். பின்னேரத் தேநீருக்குமேல் எவரும் தங்கியதில்லை" என்றார்.

எனக்குச் சிரிப்பு வந்தது. ஆனால் நான் சும்மா இருக்கவில்லை. போய் இறங்கிய இடத்தில் முன்பே ஆட்கள் இருந்திருப்பார்களே, அவர்கள் அந்த இடத்தை என்னவென்று அழைத்தார்கள் என்று கேட்டேன். அவருக்குத் தெரியவில்லை. "அமெரிக்கர்கள் ஒருவரும் அதைக் கேட்டதில்லை" என்றார். கனடாவில் இப்போது பள்ளிக்கூட விழாவென்றாலும் கூட்டமென்றாலும் இது இன்ன பூர்வகுடிகளின் நிலம் என்று சொல்லித்தான் தொடங்குகிறார்கள், சொல்வதோடு விட்டும்விடுகிறார்கள் என்றேன். தான் தேடிப் பார்த்து எனக்கு எழுதுவதாகச் சொன்னார். சொன்னபடி எழுதினார். நல்ல மனிதர்.

பிறகு நான் கேட்டது, போகாதவர்களைப் பற்றி. அவர்களுக்கு இங்கே சிலை இல்லை, கல் இல்லை. அவருடைய முகம் மாறிவிட்டது. "போகாதவர்கள் என்றால் நாங்கள்தான்" என்றார். "எங்கள் ஆட்கள் ஏன் போகவில்லை என்று தெரியாது. வசதியில்லையோ, மனமில்லையோ, கிழடுகளைப் பார்க்க ஆளில்லையோ." இயலுமானவர்கள் எல்லாம் போய்விட்டார்கள், எஞ்சிய நாங்கள் ஏழைகள், ஊரைக் கொண்டுநடத்த முடியவில்லை என்று அந்தக் காலத்தில் மிஞ்சியவர்கள் பாராளுமன்றத்துக்கு முறையிட்டார்களாம். எனக்கு உடனே யாழ்ப்பாணத்தில் எங்கள் ஒழுங்கை நினைவுக்கு வந்தது. அங்கே பூட்டிக் கிடக்கிற வீடுகளின் சொந்தக்காரர்களை ஸ்காபரோவில் ஒரே பஸ்ஸில் பார்த்துவிடலாம். நாங்கள் எங்களைப் பற்றியே பேசுகிறோம், மகன். எப்படி வந்தோம், என்ன பாடுபட்டோம், கடைக்கு ஊர்ப்பெயர் வைத்தோம், அந்தோனியாருக்கு இங்கேயும் கொடியேற்றினோம். உனக்கு நினைவிருக்கும், முதல் வருடம் கோவிலின் கார்த் தரிப்பிடத்தில் சுற்றுப்பிரகாரம் போனோம். "ஏன் காருகளைச் சுத்துறம்?" என்று நீ கேட்டாய். "ஊரிலை கடற்கரையாலை சுத்தினாங்கள். இஞ்சை கார்தானே இருக்கு, நட" என்றார் அப்பா. கடற்கரையில் அந்த வருடம் யார் சுற்றினார்கள், அந்தோனியார் சுருவத்தைத் தூக்க ஆளிருந்ததா என்று நாங்கள் ஒருவரும் கேட்கவில்லை. போகிறவர்களுக்குக் கை நிறைய வேலை இருக்கிறது. நினைப்பதற்கு நேரம் கிடைப்பது இருப்பவர்களுக்குத்தான். நான் இப்போது இருப்பவர்களின் பக்கம் வந்துவிட்டேன். அது எனக்கு அந்தக் கோவிலில் வைத்துத்தான் விளங்கியது.

அந்தக் குருவின் கதைக்கு இன்னொரு பாதி இருக்கிறது. சில வருடங்களில் நாட்டு நிலைமை மாற, அவர் மனைவியோடும் ஒரு மகனோடும் திரும்பி வந்துவிட்டார். அதே கோவில், அதே மக்கள். அங்கேயே இறந்தார். ஆனால் அமெரிக்காவில் கலியாணம் கட்டிய ஒரு மகள் அங்கேயே நின்றுவிட்டாள். "பிறகு அவளைக் கண்டாரா?" என்று கேட்டேன். "கண்டதாக நான் எங்கும் வாசிக்கவில்லை" என்றார் உன் மாமனார். பலிபீடத்தைத் தாழ்த்திய அந்த மனிதரை நான் மன்னிக்கவில்லை. ஆனால் அவர் கப்பலில் ஏறும்போது மகள் கரையில் எந்த இடத்தில் நின்றிருப்பாள், அவர் அவளிடம் என்ன சொல்லியிருப்பார் என்று அன்று முழுவதும் என்னால் யோசிக்காமல் இருக்க முடியவில்லை. வா என்று சொன்னாரா, இரு என்று சொன்னாரா? இரண்டில் எதைச் சொல்வது கடினம்?

அதற்கு அடுத்த நாள் ஞாயிறு. காலையில் நான் கத்தோலிக்கப் பூசைக்குப் போக வேண்டும் என்று கேட்க, நீ பக்கத்து ஊருக்குக் கொண்டுபோய்க் கொண்டுவந்தாய். உங்கள் கோவிலுக்கு வருவதில்லை என்றுதான் நான் இருந்தேன். நீயும் கேட்கவில்லை. எமிலிதான் வாசலில் நின்று, "அன்ரி, இன்றைக்கு எங்கள் பெயரை வாசிக்கிறார்கள். நீங்கள் இருந்தால் எனக்கு நல்லது" என்றாள். நான் போய் அந்த நீலச் சீலையை உடுத்திக்கொண்டு வந்தேன்.

இனி, நீ அறியாததைச் சொல்கிறேன். கலியாணத்துக்கு முன் மூன்று ஞாயிறு கோவிலில் மணமக்களின் பெயரை வாசித்து, தடை ஏதும் தெரிந்தவர்கள் சொல்லுங்கள் என்று கேட்பதை நாங்கள் ஓலை கூறுவது என்போம். நான் வளர்ந்த பங்கில் ஓலை கூறும்போது, பிள்ளையின் பெயர் வாசிக்கப்பட்டதும் பெற்றார் எழுந்து நிற்பார்கள். எந்தச் சுவாமியும் எழும்பச் சொன்னதில்லை, எந்தப் புத்தகத்திலும் அது இல்லை. ஆனாலும் எழும்புவார்கள். இது எங்கள் பிள்ளை, இந்தக் கலியாணம் எங்கள் மனத்தோடு நடக்கிறது, இதற்கு நாங்கள் சாட்சி என்று அதற்கு அர்த்தம். கூன் விழுந்தவர்களும் முன்வாங்கைப் பிடித்துக்கொண்டு எழும்புவார்கள். ஒருவர் எழும்பாமல் இருந்தால்தான் ஊர் திரும்பிப் பார்க்கும்.

என் கலியாண ஓலை உன் அப்பாவின் ஊர்காவற்துறைப் பங்கில் கூறப்பட்டபோது உன் அப்பம்மா எழும்பவில்லை. கொன்வென்ரில் படித்த பெண் தீவுக்கு வந்து மீன் வெட்டுவாளா என்பது அவருடைய கவலை. அப்பாவின் தகப்பன் தனியாக எழுந்து நின்றாராம். நான் அன்று அங்கே இருக்கவில்லை. ஆனால் ஊர்காவற்துறையில் காலைப் பூசையில் ஒருவர் எழும்பாமல் இருந்தது, மத்தியான பஸ்ஸில் யாழ்ப்பாணம் வந்துசேர்ந்துவிடும். வந்துசேர்ந்தது. பிறகு மாமியார் என்னை ஒரு குறையும் சொல்லாமல் வைத்திருந்தார். நானும் மீன் வெட்டக் கற்றுக்கொண்டேன். ஆனாலும் அவர் இருந்த அந்த இருப்பு எங்கள் இருவருக்கும் நடுவில் கடைசிவரை இருந்தது.

ஆகவே அந்தப் பெண் குருவானவர் உன் பெயரையும் எமிலியின் பெயரையும் வாசித்தபோது நான் எழுந்து நின்றேன். முழு மனத்தோடு எழுந்தேன் என்று சொன்னால் அது பொய். உன் பெயர் காதில் விழுந்தது, கால் எழும்பிவிட்டது. எழும்பிய பிறகுதான் வேறு ஒருவரும் நிற்கவில்லை என்று கண்டேன். அவர் வாசிப்பதை நிறுத்தினார். எல்லாத் தலைகளும் திரும்பின. "அம்மையீர், நீங்கள் ஏதாவது சொல்ல விரும்புகிறீர்களா?" என்று மிக மரியாதையாகக் கேட்டார். சொல்வதற்கு என்னிடம் மாதக்கணக்காக அடுக்கிவைத்த காரணங்கள் இருந்தன. அதைவிட நல்ல சந்தர்ப்பம் எனக்குக் கிடைக்கப்போவதில்லை. நான் தேடிப் பார்த்தேன் மகன், அவற்றில் ஒன்றுகூட என் வாய்க்கு வரவில்லை. முன்வாங்கில் திரும்பியிருந்த எமிலியின் முகம் வெளுத்திருந்தது. "நான் இவருடைய தாய்" என்று சொன்னேன். சொல்லிவிட்டு உட்கார்ந்தேன். எங்கள் பங்கில் அதற்குமேல் ஒரு சொல்லும் தேவையில்லை.

தேநீர் வேளையில் உன் மாமனார் மட்டும் என்னிடம் வந்து, "பலிபீடத்தைத் தாழ்த்திய பிறகு இந்தக் கோவில் இவ்வளவு விழிப்பாக இருந்ததில்லை" என்றார். நீ வரவில்லை. விமான நிலையம்வரை நீ வாய் திறக்கவில்லை. இது பழைய கோபம், நான் முன்பு சொன்ன காரணங்களுக்கான கோபம் என்று நினைத்தேன். நான் எழுந்து நின்றதைக் கண்டபின்னும் உன் கோபம் தணியவில்லையே என்று எனக்கும் கோபம் வந்தது. சம்மதத்தைக் கொடுத்த பிறகு அதைப் பற்றி விளக்கம் வேறு சொல்வதா என்று இருந்துவிட்டேன். சிஸ்டர்கள் எங்களுக்கு அப்படித்தான் கற்றுத் தந்தார்கள்: நல்லதைச் செய், வாயை மூடு. அதில் முதல் பாதி மட்டும் சரி என்று இப்போது நினைக்கிறேன்.

நீ வரவேண்டாம் என்று சொன்ன அன்று நான் புஷ்பத்தை அழைத்தேன். ஊர் என்ன நினைத்தாலும் பரவாயில்லை, பிள்ளையுமா இப்படி நினைப்பான் என்று சொல்லி அழுதேன். அழுதது ரகசியமில்லை, அவள் இதற்குள் எல்லோருக்கும் சொல்லியிருப்பாள்.

"பொறு, பொறு. நீ ஏன் எழும்பினனி எண்டு எனக்குச் சொல்லேல்லையே" என்றாள்.

"ஓலை கூறினால் எழும்பாமல் என்ன செய்யிறது?"

"ஐயோ மாதாவே! ஓமெல்லே! என்ரை அம்மா காய்ச்சலோடை எழும்பி நிண்டவ. நான் அடியோடை மறந்து போனன். அப்ப பெடியனுக்குச் சொன்னனியோ?"

"அதை என்னத்துக்குச் சொல்லுறது? அவனுக்குத் தெரியாதோ?"

"எடி விசரி! அவன் எங்கை கண்டவன்? இஞ்சை ஓலையைப் பேப்பரிலை அடிச்சுக் கோயில் வாசலிலை எல்லோ வைக்கினம். ஆர் எழும்பினது, ஆர் இருந்தது? அவன் வெள்ளைக்காரர் நினைச்சதைத்தான் நினைச்சிருப்பான். நீ படிச்ச படிப்புக்கு இது கூடத் தெரியேல்லையே!"

எனக்குத் தெரியவில்லை. அந்தோனியாரைக் கொண்டுவந்தோம், கொடியைக் கொண்டுவந்தோம், சுருவத்துக்குக் கண்ணாடிப் பெட்டிகூடச் செய்தோம். எழும்பி நிற்பதைக் கொண்டுவரவில்லை. கொண்டுவரவில்லை என்பதே எனக்குத் தோன்றவில்லை. என் கண்ணுக்கு முன்னால் வளர்ந்த பிள்ளைக்கு நான் அறிந்ததெல்லாம் தெரியும் என்று இவ்வளவு காலமும் இருந்திருக்கிறேன். நீ எமிலியோடு வாழும்போது இந்தப் பிழையை விடாதே. அவள் வளர்ந்த வீட்டில் மௌனத்துக்கு ஒரு அர்த்தம், நம் வீட்டில் வேறொன்று. விளங்கியிருக்கும் என்று நினைக்கிற இடத்தில் ஒருமுறை வாய்விட்டுச் சொல். அவளுடைய சமையலை என்னுடையதோடு ஒப்பிடாதே. நான் அப்படி நன்றாகச் சமைத்தவளல்ல. உன் அப்பா குறை சொல்லத் தெரியாதவர், அவ்வளவுதான். பிள்ளைகள் பிறந்தால் எந்தக் கோவிலில் ஞானஸ்நானம் என்பதை நீங்கள் இருவரும் முடிவு செய்துவிட்டு எனக்குச் சொல்லுங்கள். முடிவு செய்யுமுன் என்னைக் கேட்காதீர்கள். கேட்டால் நான் சொல்லிவிடுவேன்.

ஆகவே இப்போது எல்லோரும் கேட்கச் சொல்கிறேன். நான் உன் கலியாணத்தை மறிக்கவில்லை. எங்கள் வழக்கப்படி, எனக்குத் தெரிந்த ஒரே முறைப்படி, அதற்குச் சம்மதம் கொடுத்தேன். கார்த் தரிப்பிடத்தில் என்னைப் பாராட்டியவர் தன் பாராட்டைத் திருப்பி எடுத்துக்கொள்ளலாம். எமிலிக்கு இதை இன்று காலை நானே தொலைபேசியில் சொன்னேன். அவள் முதலில் அழுதாள், பிறகு சிரித்தாள், பிறகு தன் தகப்பனைக் கூப்பிட்டு எல்லாவற்றையும் திரும்பச் சொல்லவைத்தாள். கலியாணத்தன்று குருவானவர் அதே கேள்வியை மறுபடியும் கேட்பார் என்று அவர்தான் எச்சரித்தார். கேட்கட்டும். உங்கள் கோவிலில் எழும்பாமல் இருப்பதுதான் சம்மதம் என்றால், நான் முன்வாங்கில் அசையாமல் இருப்பேன். பிள்ளையின் பெயரைக் கேட்டபடி இருப்பது எனக்கு எழும்புவதைவிடக் கஷ்டம். என் மாமியார் இருந்ததுபோல அல்லாமல் இருக்க வேண்டும். அது எப்படி என்று யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

விமானச்சீட்டு எடுத்தாயிற்று, போகவும் வரவும். நீ மாடியில் எனக்கென்று ஒரு அறைக்கு வெள்ளையடித்து வைத்திருப்பதாக எமிலி சொன்னாள். அதை வேறு எதற்காவது வைத்துக்கொள். நான் இரண்டு முறை நாடு மாறியவள், மூன்றாவது தடவைக்கு எனக்குப் பொறுமையில்லை. மோர்னிங்சைட்டில் என் வீடு இருக்கிறது, எட்டும் தூரத்தில் உன் அப்பாவின் கல்லறை இருக்கிறது, சண்டை பிடிக்கப் புஷ்பம் இருக்கிறாள். என்னைத் தனியாக விட்டுவிட்டதாக நினைத்து நீ உன்னை வருத்திக்கொள்ள வேண்டாம். அந்தக் குரு தன் மகளிடம் என்ன சொன்னாரோ எனக்குத் தெரியாது. நான் உன்னிடம் சொல்வது, நீ அங்கேயே இரு. நன்றாக இரு.

இன்னொன்று. மகன் எங்கே என்று இங்கே யாராவது கேட்டால், இவ்வளவு நாளும் லண்டனில் என்றுதான் சொல்லிவந்தேன். நம் ஆட்களுக்கு இங்கிலாந்து முழுவதும் லண்டன்தான். எனக்கும் அது வசதியாக இருந்தது, நீ ஏதோ வேலையாகப் போயிருக்கிறாய், முடிந்ததும் வருவாய் என்பதுபோல. இனி ஹிங்ஹாமில் என்று சொல்வேன். அது எங்கே இருக்கிறது என்று கேட்டால், உட்காரவைத்துச் சொல்வேன்.

அம்மா
மோர்னிங்சைட்